கத்தி யார் கையில்?

வைத்திய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். 1846ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரில் ஈதர் ஊட்டி வலியறியாமல் அறுத்தனர், 1867ஆம் ஆண்டிலே லிஸ்ரர் என்பார் காபோலிக் அமிலங் கொண்டு சீழ்ப்பிடித்தலைத் தடுத்தார், பின்னர் இரத்தம் ஏற்றும் முறை வந்தது, பெனிசிலின் வந்தது. இவை யாவும் உண்மை. ஆயினும் இவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது கேட்கத் தவறிவிடும் கேள்வி ஒன்றுண்டு. அறுக்கத் தெரிந்த கைகள் எங்கே இருந்தன? பிள்ளை குறுக்கே கிடக்க மூன்று நாள் நோவுற்றுக் கிடந்த ஒரு பெண்ணின் குடிசைக்கும் அத்தகைய கையொன்றுக்கும் இடையே எத்தனை மைல் இருந்தது? கண்டுபிடிப்பு நூலிலே இருக்கலாம். கற்ற கை ஊரிலே இல்லையாயின் அவளைப் பொறுத்தமட்டில் 1846ஆம் ஆண்டு இன்னும் பிறக்கவில்லை.

இக்கேள்வி ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்கப்பட்டது மிக அண்மையிலேதான். உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராயிருந்த ஹால்வ்டன் மாலர், 1980ஆம் ஆண்டு யூன் மாதம் மெக்சிக்கோ நகரிற் கூடிய சத்திரசிகிச்சையாளரின் சர்வதேச மாநாடொன்றிலே, உலக மக்களுட் பெரும்பாலோர்க்குத் தக்க சத்திரசிகிச்சை கிட்டுவதேயில்லை என்பதை எடுத்துக்காட்டி, அதனை ஒரு சமுதாய அநீதியாகவே பேசினார். அவருடைய சொந்த நிறுவனமே அப்பேச்சை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. தடுப்பூசி ஏழைக்குரியது, கத்தி பணக்காரனுக்குரியது என்ற எண்ணம் சுகாதாரத் திட்டம் வகுப்போர் மனத்திலே வேரூன்றியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2015இல், 'லான்செற்' என்னும் வைத்திய ஏடு அமைத்த ஆணைக்குழு கணக்கெடுத்துச் சொன்னது: 500 கோடி மக்களுக்கு, வேண்டிய வேளையிற் பாதுகாப்பான சத்திரசிகிச்சை எட்டாத நிலை, ஆண்டுதோறும் உலகில் நடைபெறும் 31 கோடியே 30 இலட்சம் சத்திரசிகிச்சைகளுள், மிக வறிய மூன்றிலொரு பங்கு மக்களுக்குக் கிடைப்பவை நூற்றுக்கு ஆறு மட்டுமே, உயிரையும் உறுப்பையும் காக்க மேலும் 14 கோடியே 30 இலட்சம் சத்திரசிகிச்சைகள் ஆண்டுதோறுந் தேவை.

இத்துணைப் பற்றாக்குறை எவ்வாறு நேர்ந்தது? கத்தியைப் பிடிக்கும் உரிமை எவர்க்கு என்று சமுதாயம் வகுத்த விதிகளைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதியாவது புலப்படும்.

கத்தி தொடக்கத்தில் உயர்ந்தோர் கையில் இருக்கவில்லை. ஐரோப்பாவிலே இலத்தீன் கற்ற வைத்தியன் நாடியைப் பார்த்தான்; குடுவையில் நீரைப் பார்த்தான்; பழைய நூலைப் பார்த்தான். உடலைத் தொட்டு அறுக்குந் தொழிலை நாவிதனிடம் விட்டுவிட்டான். நவீன சத்திரசிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான அம்புறுவாஸ் பரே (ஏறத்தாழ 1510–1590) அத்தகைய நாவித சத்திரகாரரே. துப்பாக்கிக் காயத்திற் கொதியெண்ணெய் ஊற்றுவதே முறை என்று நூல்கள் கூறிய காலத்திலே, தூரின் போர்முனையில் எண்ணெய் தீர்ந்துபோக, முட்டை மஞ்சட்கருவும் பன்னீர்ப்பூத் தைலமும் தேபெந்தைனும் கலந்து கட்டினார். மறுநாட் காலை அவ்வாறு கட்டப்பட்டவர்களே நலமாயிருக்கக் கண்டார். இலத்தீன் அறியாத அவர் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே எழுதினார். 1575இல் அவருடைய நூற்றொகுதி வெளிவந்தபோது பாரிஸ் வைத்திய பீடத்தார் கிளர்ந்தெழுந்தனர். குற்றங்கள் பல சாட்டப்பட்டன. நாட்டு மொழியில் எழுதியமை அவற்றின் அடியிலே கிடந்தது. இலண்டனிற் சத்திரகாரர் நாவிதர் சங்கத்திலிருந்து பிரிந்ததே 1745ஆம் ஆண்டிலேதான்.

இதைப் படித்து நாம் நகைக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'பரியாரி' என்னுஞ் சொல் நாட்டு வைத்தியரையுங் குறிக்கும், முடிதிருத்துவோரையுங் குறிக்கும். தமிழ்நாட்டில் அச்சமூகத்தார்க்கு 'மருத்துவர்' என்றே பெயர்; அவர்தம் பெண்டிரே மருத்துவிச்சிகளாய் ஊர்ப் பிள்ளைகளை ஏந்தினர். கட்டி கீறுவதும் பேறு பார்ப்பதும் அவர்கள் கையிலே இருந்தன. அக்கை இல்லாமல் வாழ முடியாத சமுதாயமே அக்கைக்குரியவரைக் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. (சத்திரம் என்றவுடன் வழிப்போக்கர் தங்கும் மடத்தையே நினைக்கும் மாணவர்க்கு, அது ஆயுதத்தைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ்வடிவமும் ஆகும் என்று விளக்கும்போதெல்லாம், 'பரியாரி'யின் இருபொருளையுஞ் சேர்த்துச் சொல்லுவது என் வழக்கம்.) பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மயக்கமருந்தும் கிருமிநீக்கமுஞ் சேர்ந்து கத்தியைப் பெருமைக்குரியதாக்கின. பெருமை வந்ததும் அது பல்கலைக்கழகத்துள் நுழைந்தது, பட்டம் பெற்றது, நகரத்தை விட்டு நகர மறுத்தது.

இந்த வரலாற்றைத் தலைகீழாக்கிப் பார்க்க நேர்ந்த நாடு மொசாம்பிக். அதன் கதையைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே போர்த்துக்கேயர், ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலே இருபதாம் நூற்றாண்டின் கடைக்கூறு வரை நிலைத்திருந்தனர். 1975ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி மொசாம்பிக் விடுதலை பெற்றது. முதற் குடியரசுத் தலைவரான சமோரா மஷேல் தொழிலால் ஓர் ஆண் தாதி. தலைநகரின் ஆஸ்பத்திரியிலே, ஒரே வேலைக்கு வெள்ளைத் தாதிக்கு ஒரு சம்பளம், கறுப்புத் தாதிக்குக் குறைந்த சம்பளம் என்ற முறையை எதிர்த்துக் குரலெழுப்பியதே அவருடைய அரசியல் வாழ்வின் தொடக்கங்களுள் ஒன்று. விடுதலை வந்த மறுமாதமே அரசு வைத்திய சேவையைத் தேசியமயமாக்கியது. தனியார் வைத்தியம் பார்த்துப் பொருளீட்டிய போர்த்துக்கேய வைத்தியர்கள் மூட்டை கட்டினர். ஐந்நூறளவில் இருந்த வைத்தியருள் நூறுபேர்கூட எஞ்சவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள்; இலங்கையைப் போற் பன்னிரண்டு மடங்கு பரப்பு; எஞ்சிய வைத்தியருட் பெரும்பாலோர் தலைநகரில்.

சகோதர நாடுகள் பலவற்றிலிருந்து வைத்தியர்கள் வந்தனர். வந்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் திரும்பினர். இதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. முதலிலே ரொடீசியாவின் வெள்ளை ஆட்சியும் பின்னர்த் தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியும் ஊட்டி வளர்த்த ரெனாமோப் படையினர், பாடசாலைகளையும் சுகாதார நிலையங்களையும் தேடித்தேடி எரித்தனர். மக்களுக்கு அரசு செய்த நன்மையின் கண்கண்ட அடையாளங்கள் அவையே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தெருக்களிற் கண்ணிவெடி. மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து மாகாண நகருக்கு ஒரு நோயாளியை அனுப்புவது என்பது பல இடங்களிற் சாவுக்கு அனுப்புவதாகவே முடிந்தது. போர்க்காலத்தைக் கண்ட நம் வன்னி வாசகர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்போது சுகாதார அமைச்சராயிருந்தவர் பஸ்கோல் மொக்கும்பி. அவரும் ஒரு மகப்பேற்று வைத்தியர். பின்னாளிலே 1994 முதற் பத்தாண்டுகள் நாட்டின் பிரதமராயிருந்தவர். அவருடைய அமைச்சின் முன் இருந்த கணக்கு மிக எளியது. ஒரு சத்திரசிகிச்சை நிபுணரை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும். உருவானவர் மாவட்டத்துக்குப் போவாரா என்பது வேறு. ஆகவே 1984ஆம் ஆண்டிலே அரசு ஒரு துணிகரமான முடிவுக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் ஏற்கெனவே பணியாற்றித் தேறிய வைத்திய உதவியாளரையுந் தாதியரையும் தெரிந்தெடுத்து, மூன்றாண்டுகள் சத்திரசிகிச்சை பயிற்றுவது. இரண்டாண்டு மாப்புட்டோ மத்திய ஆஸ்பத்திரியிலே பாடமும் பயிற்சியும். ஓராண்டு மாகாண ஆஸ்பத்திரியிலே நிபுணரின் மேற்பார்வையில் நேரடி வேலை. அதன்பின் தனியே மாவட்டத்துக்கு. சிசேரியன், கருப்பை வெடிப்பு, குழாயிற் கருத்தங்கல், குடலிறக்கம், குடலடைப்பு, வெட்டுக்காயம், குண்டுக்காயம் ஆகிய இவையே அவர்கள் அன்றாடங் காண்பவை. நாட்டார் அவர்களைத் 'தெக்னிக்கோ' என்றனர்; தொழில்நுட்பர் என்பது அதன் பொருள். வைத்தியர் என்னும் பெயர் அவர்க்கு வழங்கப்படவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

அவர்களுக்குப் பக்கத்திலே நின்று மயக்கமருந்து கொடுத்தவரும் பெரும்பாலும் வைத்தியரல்லர். அதற்கெனப் பயின்ற தாதியே. வள்ளுவர் மருந்தின் நாற்கூறுகளுள் உடனிருந்து பணிபுரிவானையும் ஒரு கூறாக எண்ணினார். சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவோர் கத்தி பிடிப்பவனை மட்டும் எண்ணி, விளக்குப் பிடிப்பவனையும் கருவி கொதிக்கவைப்பவனையும் விட்டுவிடுவது இன்றும் உள்ள குறை.

இம்முடிவைக் கேட்ட அயல்நாட்டு நிபுணர் பலர் அதிர்ச்சியுற்றனர். பட்டமில்லாதவன் வயிற்றைத் திறப்பதா? கேள்வி நியாயமானதே. அதற்கு விடை வாய்ப்பேச்சால் வரவில்லை. எண்ணிப் பார்த்ததால் வந்தது. மொசாம்பிக்கின் கயெத்தானோ பெரெய்ரா, சுவீடன் நாட்டு ஸ்டெபான் பேர்க்ஸ்ட்றம் முதலிய மகப்பேற்று வைத்தியர்கள் மாப்புட்டோ மத்திய ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து நடந்த 2,071 சிசேரியன்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டனர். அவற்றுள் 958 தெக்னிக்கோக்கள் செய்தவை. 1,113 நிபுணர்கள் செய்தவை. தாய்க்கும் பிள்ளைக்கும் நேர்ந்த விளைவுகளிற் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தையலின் மேற்புறம் பிரிதல் மட்டுமே தெக்னிக்கோக்களிடஞ் சற்று மிகுதி. பின்னர்ப் பல நாடுகளின் ஆய்வுகள் ஆறினைச் சேர்த்து, 16,018 பெண்களின் கணக்கை நோக்கிய 2011ஆம் ஆண்டின் தொகுப்பாய்வும் இதையொட்டியே கூறியது: தாய் சேய் மரணத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை, காயம் சீழ்ப்பிடித்தலும் பிரிதலும் வைத்தியரல்லாதாரிடம் அதிகம். இந்த இரண்டாவது கூற்றை மறைத்துவிட்டு முதற் கூற்றை மட்டும் முழங்குவோர் உளர். அது நேர்மையன்று. சீழ்ப்பிடித்த காயம் வறிய பெண்ணுக்கு ஒரு மாத உழைப்பின் இழப்பு. ஆயினும் இவ்வாய்வுகளை எதிர்த்தரப்புக்கு மட்டும் சாதகமாகப் படிக்கவும் முடியாது. சியரா லியோனிலே குடலிறக்க நோயாளர் இருநூற்று முப்பதளவினரைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓராண்டின் பின் குடலிறக்கம் மீண்டும் வந்தோர், வைத்தியர் அறுத்தவர்களுள் நூற்றுக்கு 6.9, பயிற்றப்பட்ட உதவியாளர் அறுத்தவர்களுள் நூற்றுக்கு 0.9. ஒரே வேலையை நாள்தோறுஞ் செய்யுங் கையின் தேர்ச்சி இதிலே தெரிகிறது.

இவை திறமை பற்றிய ஆய்வுகள். என்னை மிகவுஞ் சிந்திக்கவைத்தது வேறொன்று. பெரெய்ராவும் துணைவரும் 2007இல் வெளியிட்ட ஆய்விலே, 2002ஆம் ஆண்டு மொசாம்பிக்கில் நடைபெற்ற 12,178 பெரிய மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைகளை எடுத்துக்கொண்டனர். அவற்றுள் 57 வீதம் தெக்னிக்கோக்கள் செய்தவை. மாவட்ட ஆஸ்பத்திரிகளை மட்டும் நோக்கின் 92 வீதம். அதே ஆய்வில், மாவட்டங்களுக்கு நியமனம் பெற்றோர் ஏழாண்டின் பின் எங்கே இருக்கிறார்கள் என்றுந் தேடிப்பார்த்தனர். தெக்னிக்கோக்களுள் 88 வீதத்தினர் மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே இருந்தனர். வைத்தியருள் ஒருவர்கூட இருக்கவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு கணக்கு, பயிற்சிச் செலவும் சம்பளமுஞ் சேர்த்து ஒரு பெரிய மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைக்குத் தெக்னிக்கோவால் ஆகுஞ் செலவு ஏறத்தாழ 39 டொலர், நிபுணரால் ஆகுஞ் செலவு 144 டொலர் என்றது.

ஏழாண்டின் பின் எண்பத்தெட்டு ஒருபுறம், பூச்சியம் மறுபுறம். இவ்வெண்களின் உட்பொருளை, அவை பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயில் ஒருவர் கண்டிருந்தார்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். மயக்கமருந்து கண்டறியப்பட்ட மறு ஆண்டு, 1847இல், அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். 1848இலேயே மாணவர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மொழி ஆங்கிலம். கற்றவர்கள் திறமையுள்ளவர்களாகவே வெளிவந்தனர். வெளிவந்ததும் வெளியூர் சென்றனர். ஆங்கிலங் கற்ற வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. இடையிற் சில ஆண்டு தாயகஞ் சென்று 1862இலே திரும்பி வந்த கிறீன், 1864இற் பயிற்சிமொழியைத் தமிழாக மாற்றினார். தமிழ்ப் பற்றினால் மட்டும் மாற்றினார் என்று மேடைகளிற் சொல்லுவது வழக்கம். அவருடைய காரணம் அதனினுங் கூரியது. ஆங்கிலத்தாற் கற்றவன் ஊரை விட்டுப் போவான். தமிழாற் கற்றவன் ஊரிலே தங்குவான், ஊரார் கொடுக்கக்கூடிய கூலிக்கு வைத்தியம் பார்ப்பான் என்பதே அவர் கண்ட உண்மை. இன்றைய ஆய்வாளர் மொழியிற் சொன்னால், வைத்தியப் படையைத் தக்கவைத்துக்கொள்ளும் கொள்கை ஒன்றை அவர் வகுத்தார்.

கொள்கையோடு நின்றாரா? தமிழிற் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். யாழ்ப்பாணத்து மாணவருந் துணைவருமாகச் சேர்ந்து பல்லாண்டு உழைத்து, 'பிரசவ வைத்தியம்' (1857), 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) என நூல்கள் வந்தன. நோயுற்று 1873இல் நாடு திரும்பிய பின்னும் 1884இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. அவரிடம் பயின்று வைத்தியராயினோர் அறுபதுக்கு மேற்பட்டோர். இவற்றுள் 'இரண வைத்தியம்' என்பதே நம் பொருளுக்கு நேரே உரியது. துரூயிற் என்னும் ஆங்கிலேயரின் சத்திரசிகிச்சை நூலைத் தழுவியது அது. தமிழில் நவீன சத்திரசிகிச்சை கற்பித்த பாடநூல் என்ற பெருமை அதற்குண்டு. ஆயின் ஆண்டை நோக்குக. 1867. அதே ஆண்டிலேதான் லிஸ்ரரின் கிருமிநீக்கக் கட்டுரைகள் 'லான்செற்' ஏட்டில் வெளிவந்தன. சத்திரசிகிச்சையை அடியோடு மாற்றிய அந்த அறிவு வந்து சேரும் வேளையிலே தமிழ் நூல் அச்சேறி முடிந்திருந்தது. அடுத்த பதிப்பிலே சேர்க்க வேண்டியது அது. கிறீன் போன சில ஆண்டுகளுள் தமிழ்வழி வகுப்பு நின்றது. 1870இற் கொழும்பிலே அரசாங்கம் தொடங்கிய வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகமும் கௌரவமும் அங்கே இருந்தன. மாணவர் எங்கே போவர்? தமிழில் வைத்தியங் கற்பிப்பது இயலாத காரியம் என்று இன்றுங் கூறுவோர்க்கு மானிப்பாயைக் காட்டுவது போதாது; இயன்ற காரியத்தை நிறுத்தியது எது என்பதையுங் கூற வேண்டும். சொற்பஞ்சம் அதை நிறுத்தவில்லை. சம்பளப் பட்டியல் நிறுத்தியது.

இனி மானிப்பாயையும் மொசாம்பிக்கையும் சேர்த்து நோக்கும்போது, புகழுரைகளிற் காணப்படாத ஒன்று கண்ணிற் படுகிறது. கிறீனின் மாணவனை ஊரிலே தங்கவைத்தது எது? ஆங்கிலமின்மை. தெக்னிக்கோவை மாவட்டத்திலே தங்கவைத்தது எது? எந்த அயல்நாடும் ஏற்காத, தலைநகரின் தனியார் வைத்தியசாலைகூட ஏற்காத சான்றிதழ். ஊர்ப்பற்றும் தொண்டுள்ளமும் அவர்களிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. போரினிடையே விளக்கெண்ணெய் வெளிச்சத்திற் கூட அறுக்கத் துணிந்தவர்களை அவ்வாறு சொல்ல நா எழாது. ஆயினும் 88 வீதம் என்னும் எண்ணைக் கண்டு மகிழுந் திட்டகாரர், கதவு பூட்டியிருந்ததால் உள்ளே இருந்தவர்களையும் விரும்பி இருந்தவர்களாக எண்ணிவிடுகின்றனர். எதிர்ப்புறத்தை நம் நாட்டிலே காணலாம். உலகம் ஏற்கும் தரத்தில் வைத்தியரை இலவசமாகப் பயிற்றுகின்றோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து உலகம் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டனர். மயக்கமருந்து நிபுணர் இன்மையாற் சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்ட செய்திகளை அக்காலத்துப் பத்திரிகைகளிற் கண்டோம். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் பிள்ளைகளைக் கேட்டால், வைத்தியராவேன் என்ற வாக்கியத்தை அடுத்து எந்த நாட்டுக்குப் போவேன் என்ற வாக்கியமும் வருகிறது. அவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கடனை அவர்கள் அறிவார்கள்.

இடதுசாரி நண்பர் சிலர் வேறொரு கோணத்திலிருந்து மறுப்பர். பணக்காரனுக்கு நிபுணன், ஏழைக்கு அரைகுறையா? இது வகுப்பு வேற்றுமையை நிலைநிறுத்தும் ஏற்பாடல்லவா? இம்மறுப்பை எளிதிற் தள்ளிவிட முடியாது. 1984இல், போர் சூழ்ந்த ஒரு மாவட்டத்திலே, தெரிவு நிபுணனுக்கும் தெக்னிக்கோவுக்கும் இடையே இருக்கவில்லை. தெக்னிக்கோவுக்கும் சவக்குழிக்கும் இடையே இருந்தது. அந்த நிலையில் அரசு செய்தது சரியே என்பது என் துணிபு. ஆனால் இடர்க்கால ஏற்பாடு, இடர் தீர்ந்த பின்னும் மலிவு என்ற ஒரே காரணத்தால் நீடிக்கும்போது மறுப்பு உயிர்பெறுகிறது. 1992இல் உரோமாபுரியிற் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 39 டொலர் என்ற கணக்கு அதன்பின் பதினைந்து ஆண்டு கழித்து எழுதப்பட்டது. அக்குறைந்த தொகையின் ஒரு பகுதி பயிற்சிக்காலம் குறுகியதால் வந்த சிக்கனம். மற்றொரு பகுதி தெக்னிக்கோவின் சம்பளக் குறைவு. முன்னதைச் சிக்கனம் எனலாம். பின்னதை அவ்வாறு அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னுமொன்று. 2015ஆம் ஆண்டின் ஆணைக்குழு, இலட்சம் மக்களுக்கு இருபதுபேர் வேண்டும் என்று அளவுகோல் ஒன்றை வகுத்தது. அதில் எண்ணப்படுவோர் சத்திரசிகிச்சை, மயக்கமருந்து, மகப்பேறு ஆகியவற்றின் நிபுணர்களே. ஆபிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கேயுள்ள 47 நாடுகளுள் 25இல் வைத்தியரல்லாத சிகிச்சையாளர் பணிபுரிகின்றனர் என்று 2007லேயே கணக்கிட்டிருந்தார்கள். மொசாம்பிக்கின் மாவட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு அறுவை செய்த கைகளுக்கு அந்த இருபதில் இடமில்லை. நாவிதன் அறுத்தான், நூலிலே வைத்தியன் பெயர் நின்றது; அந்தப் பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது.

தெக்னிக்கோக்கள் இவற்றையெல்லாம் அறியாதவர்களல்லர். அவர்களையும் அவர்களோடு பணியாற்றும் வைத்தியரையும் தாதியரையும் நேரிற் கண்டு உரையாடிய ஆய்வொன்றும் 2007இலே வெளிவந்தது. உடன்பணிபுரிவோர் எல்லாரும் அவர்களின்றி மாவட்ட ஆஸ்பத்திரி இயங்காது என்று ஒப்புக்கொண்டனர். தெக்னிக்கோக்களோ, செய்யும் வேலைக்கேற்ற சம்பளமில்லை, தொழிலில் மேலேறும் படியில்லை என்றனர். மாப்புட்டோவிலே உயர் சுகாதார விஞ்ஞான நிறுவகம் ஒன்று அமைத்து, 2004 முதல் அவர்களுடைய பயிற்சியைப் பட்டப்படிப்பாக உயர்த்த அரசு முனைந்தது. பூட்டிய கதவைத் திறந்தபின் எத்தனைபேர் உள்ளே இருப்பர் என்ற அச்சம் திட்டகாரருக்கு எழுந்திருத்தல் இயல்பே. திறவாமலே வைத்திருக்கலாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சமோரா மஷேல் 1986இல் விமான விபத்திலே இறந்தபோது தெக்னிக்கோக்களின் முதற் தொகுதியினர் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தனர். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்று குடியேற்ற ஆட்சியின் ஆஸ்பத்திரியிலே அந்தத் தாதி எழுப்பிய முறைப்பாடு, அரைநூற்றாண்டின் பின், அவர் நிறுவிய அரசின் சுகாதார அமைச்சுக்கு, அந்த அரசே பயிற்றிய கைகளிடமிருந்து வந்து சேர்ந்தது.